இரண்டாவது பித்தப்பை

தனக்குள் பித்தப்பை என்று ஒன்று இருப்பதே குழாய்க்காரருக்கு, அதை எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன அன்றுதான் தெரியும். ஐம்பத்திரண்டு வருடம் கூடவே குடியிருந்த ஆளை, வழியனுப்பும் நாளில் அறிமுகம் செய்துவைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். வலது விலாவுக்குக் கீழே யாரோ ரென்ச்சை வைத்து முறுக்குவதுபோல ஒரு வலி வந்தது. ரென்ச் அவர் கையிலேயேதான் இருந்தது. ஆகவே முறுக்குவது வேறு யாரோ என்று முடிவு செய்து, பக்கத்திலிருந்த பெரிய மருத்துவமனைக்கு இரண்டாக மடிந்து போய்ச் சேர்ந்தார். பை வீங்கி, அதன் வாயில் கல் அடைத்திருந்தது. மறுநாளே எடுத்துவிட்டார்கள். நாலு சின்ன ஓட்டை, இரண்டு நாள் படுக்கை, வலி போயே போயிற்று. அந்த மட்டில் மருத்துவமனை மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நன்றி மறப்பது அவர் சுபாவமும் இல்லை.

குறை இந்த மாதம் வந்தது. உடம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே என்று போனவருக்குக் கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்றார்கள். சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவோடு விட்டிருந்தால் சரி. ஆனால் அந்த மருத்துவமனையில் ‘துணைக்கு வந்தோர் நலத்திட்டம்’ என்று ஒன்று உண்டு. நோயாளியோடு வந்தவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது மருத்துவ நெறிக்கு விரோதம் என்பது அதன் கொள்கை. அவரையும் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்க்கும் தூரத்துச் சொந்தக்காரரைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைப்பதுபோல.

துணைக்கு வந்திருந்தவர் குழாய்க்காரரின் மனைவி. தபால் நிலையத்தில், விலாசம் தப்பாகிப் போய்ச் சேர முடியாமல் தவிக்கும் கடிதங்களுக்கான மேசையில் வேலை. நாளெல்லாம் கையில் ரப்பர் முத்திரையோடு இருப்பதால் அங்கே எல்லாருக்கும் அவர் முத்திரையம்மா. அந்த முத்திரையம்மாவின் பித்தப்பைக்குள் மூன்று கற்கள், பட்டாணி அளவில், யாருக்கும் தொந்தரவு தராமல் உட்கார்ந்திருந்தன.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டார்கள்.

“இல்லையே.”

“பாத்தீங்களா, எவ்வளவு கமுக்கமா இருக்கு!” என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற குழாய்க்காரரிடம் துணைவர் ஒப்புதல் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவரும், நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதே மரியாதை என்று வளர்க்கப்பட்டவர் ஆகையால், போட்டுவிட்டார். அப்போதுதான் சொன்னார்கள், இது அந்தத் துறையின் பத்தாயிரமாவது பித்தப்பை, பெரிய விழா இருக்கிறது, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

அன்று மாலை வீட்டில் முத்திரையம்மா சாப்பாட்டு மேசை மேல் இரண்டு ஸ்கேன் தாள்களையும் அருகருகே வைத்தார். கடிதத்தையும் அதன் உறையையும் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஏங்க, உங்களுக்குப் பை இருந்தப்ப கல்லீரல்ல கொழுப்பு இருந்துச்சா?”

“அப்ப எடுத்த ஸ்கேன்ல லேசான்னு போட்டிருந்தான்.”

“பை போச்சு. இப்ப ரெண்டாம் நிலை. பை போனதுனால கொழுப்பு வந்துச்சா, இல்ல நீங்க வேலை முடிஞ்சு வர்ற வழியில பொரிச்சதா வாங்கித் தின்னதுனால வந்துச்சா?”

குழாய்க்காரர் இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதியைக் காதில் வாங்கவில்லை.

“எனக்கு வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதை எடுத்துட்டா பின்னால வேற ஏதாவது வந்து நிக்குமான்னு தெரியணும். போய்க் கேட்டுட்டு வாங்க. ஒரே ஒரு கேள்வி. பித்தப்பைய எடுக்கறதுக்கும் கல்லீரல் கொழுப்புக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? பதில் வந்தா வெள்ளிக்கிழமை படுக்கறேன். கையெழுத்துப் போட்டது நீங்க, கேட்டுட்டு வர்றதும் நீங்கதான்.”

நியாயமான பேச்சு. மறுநாள் குழாய்க்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கருவிப் பையைச் சொல்கிறேன். அது இல்லாமல் வெளியே போனால் அவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது.

*

விசாரணை என்று எழுதியிருந்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எழுத்தர் இருந்தார். கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை. அதற்குள் குரல் மட்டும்தான் போகும், அர்த்தம் போகாது.

“என்ன?”

“ஒரு கேள்வி சார்.”

“கேள்விக்கு டோக்கன் கிடையாது. உறுப்பு சொல்லுங்க.”

“பித்தப்பை.”

எழுத்தர் இவருடைய அட்டை எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “உங்க பித்தப்பை ஃபைல மூடியாச்சே. குணமாயிட்டீங்க.”

“நான் குணமாயிட்டேன் சார், அது போயிடுச்சு. அது போனதுனால—”

“இல்லாத உறுப்புக்கு டோக்கன் போட முடியாது. வேற ஏதாவது உறுப்பு இருக்கா?”

குழாய்க்காரர் தனக்குள் மிச்சம் மீதி என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டு, “கல்லீரல்” என்றார்.

“நாலாவது மாடி. அடுத்த ஆளு!”

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் உடற்கூறு தெரிந்தவராக இருக்க வேண்டும். நாலாவது மாடி கல்லீரல். அதற்கு நேர் கீழே மூன்றாவது மாடியில் பித்தப்பை. உடம்புக்குள் இவை இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கின்றன. இங்கே பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கல்லீரல் துறைத் தலைவரின் மேசையில் பெரிய பிளாஸ்டிக் கல்லீரல் ஒன்று இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஏதோ ஒன்றை ரம்பத்தால் அறுத்தெடுத்த தடம்.

“அங்க பச்சையா ஒரு பை இருந்துச்சு” என்றார் தலைவர், இவர் பார்வையைக் கவனித்து. “துறையப் பிரிச்சப்ப மூணாவது மாடிக்காரங்க அவங்க சொத்துன்னு அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. உட்காருங்க. என்ன விஷயம்?”

குழாய்க்காரர் கேள்வியைக் கேட்டார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார். “மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்க. போடக் கூடாதுன்னு சொல்லல. ஆனா தலை ஏழாவது மாடி, முழங்கால் ரெண்டாவது மாடி. யார் வந்து போடறது?”

“இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே சார் இருக்கு?”

“உடம்புல இருக்கும். நிர்வாகத்துல இல்ல.” தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பிரசங்கத்துக்குத் தயாராகும் சாய்வு. “பாருங்க, எங்க துறை உலகத்தரம் வாய்ந்தது. கொழுப்பு இருக்கா, எத்தனாம் நிலைன்னு துல்லியமா சொல்லிடுவோம். அது ஏன் வந்துச்சுன்னு நாங்க கேக்கறதில்ல. தீயணைப்பு வண்டிக்காரன், தீக்குச்சி எந்தக் கடையில வாங்குனதுன்னா கேட்டுக்கிட்டு நிப்பான்?”

“தீ அணைச்சுடுவீங்களா சார்?”

“அது வளர்சிதை மாற்றத் துறை. பின்கட்டடம். சர்க்கரைக்குத் தனி வரிசை, எடைக்குத் தனி வரிசை. ரெண்டுலயும் ஒரே நாள்ல நிக்கக் கூடாது.” பிறகு மனமிரங்கி ஒரு வழி சொன்னார். “உங்க கேள்வியை நான் எடுத்துக்கணும்னா முதல்ல உங்களுக்குப் பித்தப்பை இல்லைன்னு நிரூபணம் வேணும். நீங்க வாயால சொன்னாப் போதாது. ஸ்கேன் எடுத்து, மூணாவது மாடியில இல்லாமைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க.”

*

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவி, ஸ்கேன்காரர் கருவியை இப்படியும் அப்படியும் தேய்த்தார். திரையில் மழைக்கால இரவுபோல ஏதோ தெரிந்தது.

“பை இல்லையே” என்றார்.

“ஆமாங்க! அதைத்தான் எழுதணும்” என்றார் குழாய்க்காரர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தன்னைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில்.

ஸ்கேன்காரர் படிவத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “எழுத இடமில்லீங்க. பித்தப்பைன்னு போட்டு மூணு கட்டம்தான் இருக்கு. இயல்பு, கல், வீக்கம். கல் இருக்கா?”

“பையே இல்லையே.”

“அப்ப கல் இல்ல. வீக்கம்?”

“இல்லாததுக்கு எப்படிங்க வீக்கம் வரும்?”

“சரி, வீக்கமும் இல்ல. கல்லும் இல்ல, வீக்கமும் இல்லைன்னா என்ன?”

“இயல்பு” என்றார் குழாய்க்காரர் தன்னை அறியாமல்.

“நான் சொல்லல. நீங்களே சொன்னீங்க.” டிக் அடித்துவிட்டார்.

“ஐயோ, காலியா விட்டுடுங்களேன்!”

“காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காதுங்க. போன வாரம் ஒருத்தருக்கு ஒரு கட்டத்த விட்டுட்டேன். ஆளையே அழிச்சிடுச்சு. பாவம், இன்னும் கீழ உட்கார்ந்திருக்காரு, கூப்பிடுவாங்கன்னு.”

அந்தத் தாளோடு மூன்றாவது மாடிக்குப் போனார். பித்தப்பைத் துறைத் தலைவர் பறக்கப் பார்க்கும் காகிதங்கள் மேல் பச்சை நிறப் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பாரமாக வைத்திருந்தார். அதன் ஒரு பக்கத்தில் ரம்பத் தடம். சுவரில் 9,999 என்று எரியும் எண்பலகை. அலமாரியில் வரிசையாகக் குப்பிகள், எடுத்த பைகளோடு, ஆள் பெயர் ஒட்டி.

தலைவர் ஸ்கேன் தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது.

“இயல்பான பித்தப்பை! உங்களுக்கு!”

“கட்டம் இல்லாததுனால சார் அப்படி—”

“நாங்க எடுத்தது அப்ப எதை?”

“பையத்தான் சார். இதோ பாருங்க.” குழாய்க்காரர் சட்டையைத் தூக்கி நாலு தழும்புகளையும் காட்டினார்.

“தழும்பு யாருக்கு வேணும்னாலும் இருக்கும். இது காகிதம்.” தலைவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். “நிலைமை புரியுதா உங்களுக்கு? உங்களோடது உள்ளேயே இருக்குன்னா, எங்க எண்ணிக்கை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. வெள்ளிக்கிழமை உங்க வீட்டம்மா பத்தாயிரமாவது இல்ல, ஒண்ணு குறைச்சல். பேனர் அடிச்சாச்சு. கேக்குக்குச் சொல்லியாச்சு. வெளியூர்ல இருந்து விருந்தாளி வர்றாரு.”

“நான் ஒரு கேள்வி கேக்கலாம்னுதான் வந்தேன் சார்.”

“கேள்வியெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உங்களுக்கு ஆபரேஷன். பத்து மணிக்கு அவங்களுக்கு. கணக்கு நேராயிடும்.”

“இல்லாததை எப்படி சார் எடுப்பீங்க?”

தலைவர் அடக்கத்தோடு புன்னகைத்தார். “அதுதான் எங்க அனுபவம்.”

*

குழாய்க்காரர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். லிஃப்டுக்கு நிற்கவும் மனமில்லை. மறுபடி கல்லீரலுக்கே போய்ச் சொல்வோம் என்று படிக்கட்டில் ஏறினார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் ஒரு கைகழுவும் தொட்டி, அதில் சொட்டிக்கொண்டே ஒரு குழாய். அதன் பக்கத்துப் படியில் ஒரு டாக்டரம்மா, வெள்ளைக் கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சொட்டும் குழாயைத் தாண்டிப் போவது குழாய்க்காரரால் ஆகாத காரியம். கருவிப் பையைத் திறந்தார்.

“எத்தனை நாளா டாக்டரம்மா சொட்டுது?”

“மூணு வருஷமா. மேல கேட்டா கீழ சொல்லுங்கறாங்க, கீழ கேட்டா மேல. இந்த இடம் யாருக்கும் சொந்தமில்ல. அதனாலதான் நானே இங்க வந்து உட்காருறேன். ஆமா, நீங்க எந்த மாடிக்குப் போகணும்?”

குழாய்க்காரர் வாஷரைக் கழற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். முழுக்கதையும் வந்தது. கடைசியில், “அவ பாட்டுக்கு துணைக்கு வந்தவ டாக்டரம்மா. என் வயித்தப் பாக்க வந்த இடத்துல அவ வயித்துல கத்தி வைக்கறாங்க. கையெழுத்துப் போட்டவன் நான்” என்றார். முகத்தை மறைக்க ஸ்பேனரைக் கீழே போட்டு எடுத்தார்.

டாக்டரம்மா தேநீரைப் படியில் வைத்தார்.

“நீங்க குழாய்க்காரரு, உங்களுக்குச் சொல்றது சுலபம். பித்தநீர சுரக்கறது கல்லீரல். பித்தப்பை அதைத் தேக்கி வச்சு, கெட்டியாக்கி, நீங்க சாப்பிட்டதும் சுருங்கிக் குடலுக்குள்ள விடுது. அதை எடுத்துட்டா?”

“தொட்டி இல்லாத லைன். நேரா சொட்டிக்கிட்டே இருக்கும்.” குழாயைப் பார்த்தார். அது பதிலுக்கு ஒரு சொட்டு விட்டது.

“அவ்வளவுதான். சாப்பாடு செரிக்கறதுக்குப் பெரும்பாலும் அது போதும். அதனாலதான் பை இல்லாம ஜனங்க நல்லா இருக்காங்க. ஆனா பித்தநீர்ல இருக்கற அமிலம் வெறும் சோப்புத் தண்ணி இல்ல. குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவுல சுத்திச் சுத்திச் சேதி கொண்டு போகுது. கொழுப்பு எவ்வளவு செய்யணும், சர்க்கரைய எப்படி வச்சுக்கணும்னு. சுத்தற நேரம் மாறினா சேதியும் மாறலாம்னு ஒரு யூகம். பை எடுத்தவங்ககிட்ட கல்லீரல் கொழுப்பு கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க.”

“அப்ப சம்பந்தம் இருக்கு!”

“அவசரப்படாதீங்க. அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் இன்னும் நிரூபிக்கல. எடையும் சர்க்கரையும் இருக்கறவங்களுக்குக் கல்லும் வரும், கொழுப்பும் வரும். ரெண்டும் ஒரே வீட்டுல வந்து தங்குனா, யாரு யாரக் கூட்டிட்டு வந்தாங்கன்னு எப்படிச் சொல்றது? உண்மையான பதில் என்னன்னா, இருக்கலாம், உறுதியாத் தெரியல.”

குழாய்க்காரர் இப்படி ஒரு பதிலை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘தெரியல’ என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தார் என்பதே அவருக்குத் தெம்பாக இருந்தது.

“அப்ப எனக்கு எடுத்தது தப்பா?”

“தப்பே இல்ல. வீங்கி அடைச்சு வந்தீங்க. விட்டிருந்தா இன்னிக்கு இந்தக் குழாய மாட்ட ஆள் இருந்திருக்காது. நீங்க கவனிக்க வேண்டியது இப்ப இருக்கற கொழுப்ப. தினம் நடங்க. பொரிச்சது, இனிப்புத் தண்ணி ரெண்டையும் குறைங்க. எடைய மெதுவா இறக்குங்க.”

“அவளுக்கு?”

“வலி வந்திருக்கா? காய்ச்சல், கண்ணு மஞ்சளாகறது?”

“ஒண்ணும் கிடையாது.”

“வலி இல்லாத கல்லுக்குப் பொதுவா கத்தி வேண்டாம். பாத்துக்கிட்டு இருந்தாப் போதும். ஆனா நான் சொன்ன மூணுல ஒண்ணு வந்தாலும் ஒரு நிமிஷம் வீட்டுல உட்காரக் கூடாது. அப்புறம் உங்களோட சேர்ந்து அவங்க பட்டினி கிடந்து இளைக்க வேண்டாம். ஒரேயடியா இளைச்சா அதுவே கல்ல வளர்க்கும்.”

குழாய்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன் டாக்டரம்மா.”

டாக்டரம்மா சிரித்தார். “எழுதுனா மேல துறை பேர் போடணும். நான் இதைப் படிக்கட்டுல உட்கார்ந்து சொல்றேன். படிக்கட்டுக்கு லெட்டர்பேட் கிடையாது.”

குழாய் நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில் டாக்டரம்மா மீதித் தேநீரைக் குடித்து முடித்தார்.

*

முத்திரையம்மா முழுவதையும் கேட்டார். மூன்று கட்டத்துக் கதை வந்தபோது மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இல்லைங்கறதுக்குக் கட்டமே இல்லையா? எங்க ஆபீஸ்ல முதல் முத்திரையே அதுதாங்க. ‘அப்படி ஒருவர் இல்லை.’ அது மட்டும் இல்லைன்னா பாதி தபால் இன்னும் தெருவுல சுத்திக்கிட்டு இருக்கும்.”

“பேசாம வெள்ளிக்கிழமை போகாம விட்டுடுவோமா?”

“அதெப்படி? ‘நோயாளி ஓடிவிட்டார்’னு எழுதுவாங்க. ஒரு கடுதாசியக்கூட நாங்க சும்மா தூக்கிப் போடறதில்ல. காரணம் போட்டுத்தான் திருப்பி அனுப்புவோம். நேர்ல போய் வேண்டாம்னு சொல்லிட்டு வருவோம்.”

வெள்ளிக்கிழமை மருத்துவமனையின் முன்கூடம் பச்சைப் பலூன்களால் நிறைந்திருந்தது. விருந்தாளி சீக்கிரமே வந்துவிட்டதால் குழாய்க்காரரின் ஒன்பது மணி ஆபரேஷன் விழாவுக்குப் பின்னால் தள்ளிப்போயிருந்தது. ‘பத்தாயிரம் பைகள், ஒரே பார்வை’ என்று பேனர். மூன்றடுக்கு வெண்ணெய்க் கேக். அதன்மேல் சர்க்கரையால் 10,000 என்று எழுதியிருந்தது. வெட்டுவதற்குப் பக்கத்திலேயே அறுவைக் கத்தி. வெட்டிய துண்டுகளை முதலில் நாலாவது மாடி கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளுக்கு அனுப்புவது என்று, பகையை மறந்து, ஏற்பாடாகியிருந்தது.

பித்தப்பைத் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! பித்தப்பை என்பது என்ன? தானாக ஒரு சொட்டும் உற்பத்தி செய்யாத உறுப்பு. மேலே இருப்பவர் உழைத்துச் சுரப்பதை வாங்கி வைத்துக்கொள்கிறது. கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. நாளாக நாளாக உள்ளே கல்லாகிப் போகிறது. இப்படி ஒன்று, ஓர் அமைப்புக்குள் இருக்கலாமா?”

முன்வரிசையில் முத்திரையம்மா கணவரின் காதருகே சாய்ந்தார். “இவர எப்பங்க எடுக்கப் போறாங்க?”

“சும்மா இரு, கேட்டுடப் போவுது.”

“நாங்கள் ஒருபோதும் நோயாளிக்கு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றதில்லை!” என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. “அதனால்தான் பத்தாயிரத்தை எட்டினோம்!”

மேடைக்கு அழைத்தார்கள். முத்திரையம்மா போனார். மைக்கை வாங்கி, கவுண்டரில் கூட்டத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“எனக்கு வலி இல்ல. வலி வந்தா நானே ஓடி வருவேன், அப்ப எடுங்க, வேண்டாங்கல. இன்னிக்கு வேண்டாம்.”

எங்கோ ஒரு பலூன் வெடித்தது.

“அம்மா, கையெழுத்துப் போட்டிருக்கே!”

“போட்டது இவரு. எடுக்கறது எங்கிட்ட. அது எப்படிங்க?”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். கெஞ்சல் தெரிந்தது. “அம்மா, கேக்குல எழுதியாச்சும்மா.”

முத்திரையம்மாவுக்கே பாவமாகிவிட்டது. பாவமானால் அவருக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையாகும். “அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? உங்க அலமாரிக் குப்பியில இவரு பை ஒண்ணு இருக்கு. உங்க ஸ்கேன் தாள்ல இவருக்குள்ள இன்னொண்ணு இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ரெண்டு. எடுத்துக்கோங்க.”

குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் தலைவரின் முகத்தில் விடிந்தது. குப்பி வந்தது. தாள் வந்தது. ஒன்று வெளியே இருப்பதற்குச் சாட்சி, இன்னொன்று உள்ளே இருப்பதற்குச் சாட்சி. இரண்டும் மருத்துவமனையின் சொந்தச் சாட்சிகள், ஆகவே இரண்டும் உண்மை.

“பெரியோர்களே!” தலைவரின் குரல் தழுதழுத்தது. “மருத்துவ வரலாற்றில் அபூர்வம்! இரட்டைப் பித்தப்பை மனிதர்!”

குழாய்க்காரரை மேடைக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோனார்கள். தலைவர் கையுறை மாட்டினார். முகமூடி கட்டினார். ஸ்கேன் தாளை விரித்து, ‘இயல்பு’ என்ற டிக் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் கையால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘அகற்றப்பட்டது’ என்று எழுதி டிக் அடித்தார். மொத்தம் ஒன்றரை நிமிடம். மயக்கமருந்து இல்லை, ரத்தம் இல்லை, தழும்பு இல்லை. எண்பலகை 10,000 என்று எரிந்தது. விருந்தாளி எழுந்து நின்று கைதட்டினார். அந்த மருத்துவமனையில் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்த முதல் அறுவை சிகிச்சை அதுதான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

கேக் துண்டை நீட்டினார்கள். குழாய்க்காரர் கை தானாக நீண்டது. முத்திரையம்மா அவரைப் பார்த்தார். கை தானாக மடங்கியது.

*

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர்கள் இருவரும் தினமும் வேலை முடிந்து, கடைகள் இல்லாத தெருவாகப் பார்த்து நடந்தார்கள். கடைத்தெரு வழியாக நடந்தால் பாதி வழியிலேயே மணம் இவரைக் கையைப் பிடித்து இழுக்கும் என்பது முத்திரையம்மாவின் கணிப்பு. முதல் மாதம் குழாய்க்காரர் நடந்ததைவிட முனகியது அதிகம். மூன்றாம் மாதம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். ஓட்டை போடுவது அவருக்குத் தொழில், ஆகவே நேர்த்தியாக விழுந்தது. எட்டு கிலோ குறைந்தது. சர்க்கரை அந்தப் பக்கம் வைத்த காலை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டது. முத்திரையம்மாவின் மூன்று கற்களும் அதே இடத்தில், வாடகை கேட்காத குடித்தனமாக இருந்தன. ராத்திரி படுக்கும்போது குழாய்க்காரர் மட்டும் தினமும் கேட்பார்.

“வலிக்குதா?”

“தினமும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் தலை வலிக்குது. தூங்குங்க.”

அடுத்த ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு பெருமளவு கரைந்திருந்தது. குழாய்க்காரர் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். ‘நடந்தார்’ என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இருந்த ஒரே கட்டம், ‘கடைசியாகச் செய்த அறுவை சிகிச்சை’. அதில் டிக் விழுந்தது.

அந்த டிக்கைப் பார்த்துவிட்டு நாலாவது மாடியும் மூன்றாவது மாடியும் ஒன்றாக உட்கார்ந்தன. அறுத்த பிளாஸ்டிக் பையை மறுபடி பிளாஸ்டிக் கல்லீரலில் ஒட்டினார்கள். குழாய்க்காரரின் கேள்விக்கு இரு துறைகளும் கூட்டாகப் பதில் கண்டுபிடித்துவிட்டன. முதல் பையை எடுத்தபின் கொழுப்பு கூடியது. இரண்டாவது பையை எடுத்தபின் குறைந்தது. ஆகவே பித்தப்பையை ஒருமுறை எடுப்பதால்தான் பிரச்சினை, தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் கல்லீரல் முழுக்கச் சரியாகிவிடும்.

இந்த முடிவை விளக்கி, மூன்றாவது பித்தப்பையை அகற்ற அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரும்படி ஒரு கடிதம் அனுப்பினார்கள். விழாவின் பரபரப்பில் திறந்த புது ஃபைலில் யாரும் பெயரையோ வீட்டு விலாசத்தையோ குறித்துக்கொள்ளவில்லை. உறைமேல் ‘இரட்டைப் பித்தப்பை மனிதர்’ என்று மட்டும் இருந்தது. கடிதம் இரண்டு நாள் ஊரைச் சுற்றிவிட்டு, சேர முடியாத கடிதங்கள் சேரும் மேசைக்கு வந்து சேர்ந்தது.

முத்திரையம்மா உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, “யாருக்குக்கா?” என்று கேட்டாள்.

“யாருக்கும் இல்லடி.”

முத்திரையை மைப்பெட்டியில் நன்றாக ஒற்றி எடுத்து, உறைமேல் நேராக வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார்.

‘அப்படி ஒருவர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக.’